வீட்டுக்காரர் குடியிருக்கும் வீடுகளைக் காப்பாற்றுங்கள்: புதுச்சேரி அரசுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி அரசின் சுற்றுலாத் துறை, நகர அமைப்புத் துறை, புதுச்சேரி நகராட்சி ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

எனக்கு வேலை சென்னையில். நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் பாண்டிக்குப் பஸ் ஏறிவிடுவேன். பாரதி பூங்காவுக்குப் பக்கத்துத் தெருக்களில் பழைய வீடுகளில் ஓர் அறை எடுத்துத் தங்குவதுதான் பல வருஷமாகப் பழக்கம். ஊர்க்காரியாக இல்லாவிட்டாலும், அந்தத் தெருக்கள் மாறிக்கொண்டே வருவதைக் கூட இருந்து பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். குடும்பம் குடியிருந்துகொண்டே இரண்டு மூன்று அறைகளை விருந்தினருக்கு விடுகிற பழைய வீடு ஒரு வகை. ஆளில்லாத வீட்டை யாரோ மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, அறை அறையாகத் தடுத்து, நாள் கணக்கில் விடுவது இன்னொரு வகை. வெளியிலிருந்து வருகிற எங்களுக்கு இரண்டுமே ‘ஹோம்ஸ்டே’ என்ற ஒரே பலகையின் கீழ் நடப்பதாகத்தான் தெரிகிறது. முதல் வகையைத் தனியாக இனம்பிரித்துப் பதிவு செய்யுங்கள், அவர்களுக்குக் கைகொடுங்கள். இரண்டாம் வகைக்கு ஓட்டலுக்கு உள்ள எல்லா விதிகளையும் போடுங்கள். இதைத்தான் கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் வழக்கமாகத் தங்கும் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். தெருவைப் பார்த்து உயர்ந்த மதில், அதில் ஒரு பெரிய மரக்கதவு. உள்ளே போனால் சின்ன முற்றம், வட்டத் தூண்கள் வரிசையாக நிற்கும் தாழ்வாரம், அதற்குப் பின்னால் கூடம். மாடியில் இருக்கும் மூன்று அறைகள் விருந்தினருக்கு. ஜன்னல்களுக்கு மரப்பட்டிகள் அடித்த கதவுகள். நடுவில் ஒரு குச்சி இருக்கும், அதை மேலே தள்ளினால் பட்டிகளெல்லாம் ஒன்றாகத் திறந்து கடற்காற்று உள்ளே வரும். மே மாத மத்தியானத்தில்கூட ஏசி போடத் தோன்றாது. கூரை நாலு ஆள் உயரம், சுவர் ஒன்றரை முழத்துக்குக் குறையாத கனம்.

காலைச் சாப்பாடு தாழ்வாரத்தில். இட்லி, வடகம் தாளித்த குழம்பு, பக்கத்தில் பேக்கரி ரொட்டி, வெண்ணெய், கொய்யா ஜாம். யார் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த அம்மா எதிரே உட்கார்ந்துகொண்டு, நேற்று எங்கே போனாய், இன்று எங்கே போகப்போகிறாய் என்று கேட்பார். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் எந்தப் பக்கம் பழைய புத்தகம் போடுவார்கள், மணக்குள விநாயகர் கோயிலில் எந்நேரம் கூட்டம் குறைவு, எந்த ஆட்டோவை நம்பலாம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் கடைசியில் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் தெருவிலேயே விழுந்து இறந்தபோது ஊரே அழுததை அவர் வாயால்தான் விவரமாகக் கேட்டேன். எந்த வழிகாட்டிப் பலகையிலும் இது கிடைக்காது.

அந்த வீட்டில் கீழ்ச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு ஈரம் ஏறிய கறை ஒன்று உண்டு. பழைய பாண்டி வீடுகள் எல்லாவற்றிலும் அது இருக்கும். நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் சுவர் மூச்சு விடும், ஏறின ஈரம் காற்றில் காய்ந்துவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழி கிடைக்காது. பூச்சுக்குப் பின்னாலேயே இன்னும் மேலே ஏறும், உப்பு பூக்கும், செங்கல் பொடியும். கடைசியில் சுவருக்குள் செருகியிருக்கும் தேக்கு உத்தரத்தின் முனை உளுத்துவிடும். செங்கல்லையும் சுண்ணாம்பையும் அடுக்கிக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையின் மொத்தப் பாரமும் அந்த உத்தரங்களின் மேல்தான் நிற்கிறது.

அந்த அம்மா ஒருநாள் அந்தக் கறையைக் காட்டிச் சொன்னார்: “பூரா சிமெண்ட் போட்டுடலாம்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. போட்டா நாலு வருஷம் பளிச்சுனு இருக்கும். அப்புறம் செவரு உள்ளேயே செத்துடும். எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் சுண்ணாம்புதான் போட்டாரு, நானும் அதேதான் போடுறேன்.”

அதைப் போடுவதற்குத்தான் அறை வாடகை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து வேலை செய்யத் தெரிந்த கொத்தனார் இப்போது அரிது. கிடைத்தால் கூலி அதிகம். சிமெண்ட் ஒரே நாளில் இறுகிவிடும், சுண்ணாம்போ வாரக்கணக்கில் காய வேண்டும். அத்தனை நாளும் அந்தப் பக்கத்து அறையை விட முடியாது. ஒவ்வொரு வருஷமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மொட்டை மாடியில் விரிசல் பார்க்க வேண்டும், தண்ணீர் போகும் குழாய்களில் அடைத்த இலையை எடுக்க வேண்டும், உத்தரங்களைத் தட்டிப் பார்த்துக் கரையான் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அந்த வீட்டிலேயே படுத்து எழுந்திருப்பவர்தான் இதையெல்லாம் செய்வார். குத்தகைக்கு எடுத்தவருக்குக் குத்தகை முடியும்வரை கூரை தாங்கினால் போதும்.

கூரை தாங்காமல் போனால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய பழைய நகராட்சி மன்றம், கவனிப்பாரில்லாமல் கிடந்து 2014 நவம்பர் கடைசி மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தீர்கள். செய்தது நல்ல காரியம். கடற்கரையில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்த வருஷங்களில் அதைப் பார்க்கவே மனசு கேட்காது. ஆனால் தனியார் வீடு ஒன்று அப்படி விழுந்தால் உலக வங்கி வராது. ஒரு வருஷம் தகரம் அடித்துக் கிடக்கும், அப்புறம் அங்கே அடுக்குமாடி முளைக்கும்.

இந்த ஊர் ஒருமுறை முழுதாக இடிபட்ட ஊர். 1761இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் ஊரையும் தரைமட்டமாக்கினார்கள். 1765இலிருந்து பழைய தெருக்கோடுகளின் மேலேயே வீடுகள் திரும்ப எழும்பின. கோட்டையை மட்டும் யாரும் மறுபடி கட்டவில்லை. அது நின்ற பகுதியில்தான் இன்று பூங்காவும் அதைச் சுற்றிய அரசுக் கட்டடங்களும் இருக்கின்றன. நேர்நேரான அந்தத் தெருக்களில் இன்று நாம் பார்க்கும் வீடுகள் எல்லாம் அந்த அழிவுக்குப் பிறகு வந்தவை. பீரங்கி இடித்ததைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். பாகப்பிரிவினைத் தகராறும் சிமெண்டும் கரையானும் இடிப்பதைக் கட்ட யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

பாகப்பிரிவினை என்று சும்மா சொல்லவில்லை. இந்த ஊரின் பல பழைய வீடுகளுக்கு வாரிசுகள் பிரான்சில் இருக்கிறார்கள். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவராக இருப்பார், பேரப்பிள்ளைகள் பாரிஸ் பக்கம் குடியேறியிருப்பார்கள். ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டால்தான் கூரையில் ஓர் ஓடு மாற்ற முடியும். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரே ஒருவர் இங்கே தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், அவர் கையில் வருமானம் இருந்தால்தான் மற்றவர்கள் “விற்றுவிடலாம்” என்று நெருக்கும்போது “வேண்டாம்” என்று சொல்ல முடியும். இரண்டு அறை வாடகை அந்த தைரியத்தைக் கொடுக்கிறது. நான் தங்கிய வீடுகளில் இந்தப் பேச்சு என் காதில் விழாமல் இருந்ததில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை, வழக்கமான வீட்டில் இடமில்லாமல், அதே பகுதியில் வேறொரு பழைய வீட்டில் அறை பிடித்தேன். வாசலில் ஆள் கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் எண் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி, அதற்குள் சாவி. பேசியதெல்லாம் போனில் வந்த செய்திகளோடுதான். பெரிய கூடத்தை ஜிப்சம் பலகையால் மூன்றாகத் தடுத்திருந்தார்கள். தூணின் பாதியைச் சுவர் விழுங்கியிருந்தது. முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருந்ததால் புழுக்கம் தாங்கவில்லை. இரவு பதினொன்றுக்கு மேல் மாடியில் பாட்டும் கூச்சலும் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டிலிருந்து வயதான ஒருவர், கைலியும் துண்டுமாக வந்து கதவைத் தட்டினார். அவருக்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்த நம்பருக்கு நான்தான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. “வீட்ல உடம்பு சரியில்லாதவங்க இருக்காங்கம்மா, என்ன செய்யறதுன்னே தெரியல” என்றார். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்தப் பெரியவரைப் போன்றவர்கள்தான் இந்தத் தெருக்களின் கடைசிக் குடியிருப்பாளர்கள். வாரம் தவறாமல் இப்படி ஓர் இரவு வந்தால் அவரும் வீட்டைப் பூட்டிவிட்டு லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ பிள்ளையின் ஃபிளாட்டுக்குப் போய்விடுவார். அவர் பூட்டிய வீட்டை அடுத்த குத்தகைக்காரர் எடுப்பார். இப்படியே தெரு முழுக்கச் சாவிப் பெட்டியாகிவிட்டால், மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் மட்டும் போட்டோவுக்கு மிஞ்சும்.

நான் கேட்கும் பாகுபாடு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ திட்டம் இதைத்தான் சொல்கிறது. உரிமையாளர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும், விருந்தினருக்கு விடும் அறைகள் ஒன்றுக்குக் குறையாமல் ஆறுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். கோல்டு, சில்வர் என்று இரண்டு தரம். இந்த ஒரு நிபந்தனையை, வீட்டுக்காரர் அங்கே குடியிருக்கிறார் என்பதை, உங்கள் உள்ளூர்ப் பதிவுக்கும் அடிப்படையாக வையுங்கள். ரேஷன் கார்டு முகவரியைப் பாருங்கள், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை இரவு வந்து கதவைத் தட்டுங்கள். திறப்பது யார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அப்படிப் பதிவான வீடுகளுக்குச் சொத்து வரியும் மின்கட்டணமும் குடியிருப்புக் கணக்கில் வரட்டும். மூன்று அறை விடுகிற விதவை அம்மாவும் முப்பது அறை ஓட்டலும் ஒரே வணிகக் கட்டணம் கட்ட வேண்டி வந்தால், பதிவே செய்யாமல் மறைத்து நடத்தத்தான் எவருக்கும் தோன்றும். தீயணைப்பு, காவல் துறை, நகராட்சி, சுற்றுலா என்று நாலு அலுவலகம் ஏறி இறங்க வைக்காமல் ஒரே இடத்தில் விண்ணப்பம் வாங்குங்கள். வயதானவர்கள் அவர்கள். கம்ப்யூட்டரில் ஏற்றித் தர ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் பெரிய உதவி.

இதுவரை சொன்னது பெரும்பாலும், ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியில் உள்ள வீடுகளை வைத்து. ஆனால் எனக்கு அதிக வருத்தம் மேற்கே இருக்கும் தமிழர் தெருக்களைப் பற்றித்தான். விருந்தோம்பலையே கட்டடமாகக் கட்டியவை அந்த வீடுகள். தெருவோரமாகவே மரக்கால் நட்டு, ஓடு வேய்ந்த தாழ்வாரம். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்க அது. அதற்கு அடுத்து திண்ணை, வந்தவர் உட்கார, அசந்தால் படுக்க. கதவுக்கு அப்பால் நடை, முற்றம், கூடம். கீழே இப்படித் தமிழ் வீடாகவும், மாடியில் பிரெஞ்சு பாணித் தூணும் வளைவு ஜன்னலுமாகவும் கலந்து கட்டிய வீடுகள் இந்த ஊரைத் தவிர வேறெங்கே இருக்கின்றன? பாண்டிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. நேரு வீதியில் செருப்பு வாங்கிவிட்டுக் கடற்கரைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

செய்ய முடியாத காரியம் இல்லை என்பதை வைசியாள் வீதியில் நீங்களே காட்டியிருக்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில், மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் அரசும் சேர்ந்து, வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு, அந்த வீதியின் முகப்புகளைப் பழையபடி மீட்டார்கள். அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இன்றைக்கும் அந்த வீதியில் நடந்தால் ஒரே சீராகத் தாழ்வாரங்கள் இறங்கி நிற்பது கண்ணுக்குக் குளிர்ச்சி. அதற்கு அடுத்தடுத்த வீதிகளுக்கு ஏன் அது பரவவில்லை? கடைக்காக இடித்த திண்ணைகளை, பைக் நிறுத்தப் பெயர்த்த தாழ்வாரக் கால்களை எண்ணிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. பழுதுபார்க்க அரசு பணம் ஒதுக்கினால், முதல் பங்கு இங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்குப் போகட்டும். அவர்கள் வீட்டில் இரண்டு அறையை விருந்தினருக்கு விடச் சொல்லிக் கொடுங்கள். கிழக்கே இருக்கும் கூட்டத்தில் ஒரு பகுதி தானாக மேற்கே நகரும்.

யாருக்காவது இது சுற்றுலா வியாபாரப் பேச்சாகத் தோன்றினால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். பாரதி 1908இல் இந்த ஊருக்கு வந்தார், 1918 வரை இருந்தார். பிரிட்டிஷ் வாரண்டுக்குத் தப்பி வந்தவரை இந்த ஊர் வாடகை வீடுகளில் வைத்துப் பார்த்துக்கொண்டது. விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று ஊரார் சொல்லும் வீட்டுக்காரர், பாரதியை வாடகைக்காக நெருக்காதவர் என்று அவரோடு பழகியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வ.வே.சு. ஐயரும் இங்கேதான் அடைக்கலம் புகுந்தார், அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்து சேர்ந்ததும் இங்கேதான். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி இருந்த வீட்டை நினைவில்லமாக்கி வைத்திருக்கிறீர்கள். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் அப்படியே. வெளியூர்க்காரருக்கு வீட்டில் இடம் கொடுப்பது இந்த ஊரின் குணம். அந்தக் குணத்தோடு இன்னும் வாழ்கிற வீட்டுக்காரர்கள் இருக்கும்போதே அவர்களைக் கவனியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இனி பூங்கா. பாரதியின் பெயரை வைத்த பூங்கா இந்த வீடுகளுக்கெல்லாம் பொது முற்றம் மாதிரி. இங்கே தங்குகிறவர்கள் முதல் நாள் காலையிலேயே அங்கே போய்விடுவார்கள். நானும்தான். ஒருபக்கம் துணைநிலை ஆளுநர் மாளிகை, சட்டமன்றம், இன்னொரு பக்கம் அருங்காட்சியகம், 1827இல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகம், கொஞ்சம் தள்ளிக் கடலைப் பார்த்தபடி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம்.

மண்டபத்தின் கதை இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். கிருஷ்ணதேவராயர் உழவர்கரை வழியாகப் போனபோது, விளக்கொளியில் தெரிந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தேவதாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னாராம். நானே இடித்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டு, வீட்டை இடித்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள் ஆயி. பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அவள் நினைவாக எழுந்தது இந்த மண்டபம். அதைத்தான் புதுச்சேரி அரசு தன் சின்னமாக வைத்திருக்கிறது. இந்த மடலுக்கு நீங்கள் எழுதப்போகும் பதிலின் தலைப்பிலும் அது இருக்கும். ஊர்த் தண்ணீருக்காகத் தன் வீட்டையே விட்டவளின் சின்னத்தைச் சுமக்கும் அரசு, கடலோரத் தெருக்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிவரும் இந்தக் காலத்தில், அறை எண்ணிக்கைக்கு ஏற்பத் தண்ணீருக்கும் கணக்குக் கேட்பது நியாயமாகத்தான் இருக்கும். ஆறு அறைக்குள் இருப்பவர்களிடமும் கேளுங்கள். ஒரே வீட்டைப் பதினைந்து அறையாகத் தடுத்தவர்களிடம் கண்டிப்பாகக் கேளுங்கள்.

பூங்காவை அழகுபடுத்தும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் வரும். பக்கத்திலேயே அரசுப் பொது மருத்துவமனை. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் நோயாளிகளைக் கூட்டி வந்தவர்கள், உள்ளே கூப்பிடும்வரை இந்த மரநிழலில்தான் காத்துக்கிடக்கிறார்கள். ஒருநாள் காலை எனக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெண், மடியில் எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டு, டிபன் டப்பாவைத் திறந்து புளிச்சோற்றைத் தன் மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். மகனுக்கு முப்பது வயதாவது இருக்கும், வலது கையில் மாவுக்கட்டு. எதிர்ப் பெஞ்சில் இரண்டு வெளிநாட்டு முதியவர்கள் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். சறுக்குமரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகாத வாண்டுகள். சட்டமன்றத்துக்கு மனு கொடுக்க வந்த கூட்டம் ஒன்று ஆலோசனை செய்துகொண்டிருந்தது. பொதுப் பூங்கா என்றால் இதுதான். இங்கே நுழைவுச்சீட்டு வேண்டாம், தனியாருக்கு ஏலம் வேண்டாம், விளக்கு அலங்காரத் திருவிழாக்களும் வேண்டாம். உடைந்த பெஞ்சை மாற்றுங்கள், கழிப்பறையைச் சுத்தமாக வையுங்கள், பெரிய மரங்களின் பட்டுப்போன கிளைகளைப் புயலுக்கு முன்னால் கழியுங்கள். குடிதண்ணீர்க் குழாயில் தண்ணீர் வரட்டும். ஆயி மண்டபத்துக்குப் பத்தடி தூரத்தில் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது பார்க்கச் சகிக்கவில்லை.

கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடக்கிறவர்களுக்கு விட்டுவிடுகிறீர்கள். பிள்ளைகுட்டியோடு ஊரே வந்து காற்று வாங்குகிறது. வாரக் கடைசி இரவுகளில் பூங்காவைச் சுற்றிய தெருக்களுக்கும் அதை நீட்டித்தால் நல்லது. குடியிருப்பவர்களின் வண்டிக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் வழி விடுங்கள். விருந்தினர் வண்டியைப் பழைய துறைமுகத்துப் பக்கமோ வேறெங்கோ விட்டுவிட்டு நடந்து வரட்டும். பத்து நிமிஷ நடைதான், அதுவும் அழகான நடை. இரவு பத்துக்கு மேல் சத்தம் போடுகிற இடத்தைப் பற்றிப் புகார் சொல்ல ஒரு நம்பர், அதை எடுத்துப் பேச ஓர் ஆள், அந்தப் பெரியவரைப் போன்றவர்களுக்கு இது உடனே தேவை.

என்னைப் போன்ற விருந்தினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. குடும்பம் இருக்கும் வீடு என்றால் அறை வாடகை கொஞ்சம் கூட இருக்கலாம், இரவு வாசல் பூட்டும் நேரம் இருக்கலாம். அதை ஏற்றுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். எந்த வீட்டில் வீட்டுக்காரர் உண்மையாகவே குடியிருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் எங்களுக்குச் சிரமமாக இருக்கிறது. பதிவான வீடுகளின் பட்டியலைச் சுற்றுலாத் துறை தன் தளத்தில் வெளியிட்டு, தெருப்பெயர்ப் பலகைகளைப் போலவே அந்த வீட்டுக் கதவுகளிலும் நீல எனாமல் தகடு ஒன்று, தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி மாட்டினால், நாங்கள் தேடி வருவோம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மற்ற எல்லாவற்றுக்கும் கோப்பு நகர நாளாகும் என்பது தெரியும். ஆனால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள், தச்சர்கள் யார் யார், எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் தயாரிக்கச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். பல வருஷமாக இந்த வேலையில் இருக்கும் இன்டாக் கிளையோடு உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். அந்தக் கொத்தனார்களிடமும் தச்சர்களிடமும் நாலைந்து இளைஞர்களைத் தொழில் பழக அனுப்புங்கள், பழகும் நாட்களுக்குக் கூலியை அரசு கொடுக்கட்டும். பொறியாளர் ஒருவரும் கொத்தனார் ஒருவருமாக வீடு வீடாகப் போய், கூரையையும் உத்தர முனைகளையும் இலவசமாகப் பார்த்து, எங்கே உடனே கைவைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். செப்டம்பருக்குள் இந்த ஒன்றையாவது செய்து கொடுங்கள். நான் தங்கும் வீட்டில் வடகிழக்கு மூலை அறையின் மூன்றாவது உத்தரத்தைத் தட்டினால் உள்ளே கூடான சத்தம் கேட்கிறது. அந்த அம்மா யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் காத்திருக்கிறார்.

நன்றியுடன்,
பாரதி பூங்காப் பக்கத்து வீடுகளில் தங்கிவரும் ஒரு விருந்தாளி
சென்னை